பத்து லொறியும் ஒரு பாலமும்: வாசகர் கேள்வி – பதில்

ஒரே கணினிக்குள் பல செயலிகள் (கட்டளைகளை நிறைவேற்றும் அலகுகள்; ஒரே சில்லுக்குள் பல இருந்தால் ஒவ்வொன்றையும் கோர் என்பார்கள்) சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன்னர் எழுதிய குறிப்புக்குப் பின், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. அவற்றுள் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விடயத்தைக் கேட்டிருந்த சிலரின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்; அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எட்டுக் கோர் உள்ள கைப்பேசி என்று சொல்லி விற்றார்கள். என்னுடைய பழைய கைப்பேசி நான்கு கோர் கொண்டது. வேகம் இரண்டு மடங்காகும் என்று எண்ணி வாங்கினேன். சற்று விரைவு தெரிகிறதே தவிர இரண்டு மடங்கு எங்கும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், கல்லடி

ஏமாறவில்லை, கணக்கே அப்படித்தான். தாங்கள் கல்லடிக்காரர் என்பதால் பழைய பாலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 1924இல் திறக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தில் ஒரு வாகனம் போகும் அகலமே இருந்தது. 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, இக்கரை வாகனங்கள் ஏறினால் அக்கரையில் உள்ளவை இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்து நின்ற காட்சி தங்களுக்கு மறந்திருக்காது.

ஒரு போடியாரின் வயலில் வெள்ளாமை வெட்டி, சூடடித்து, மூடை கட்டி முடிக்க ஒரு குழுவுக்கு 20 மணித்தியாலம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூடைகள் அனைத்தும் ஒரு வழிப் பாலத்தைக் கடந்து நகரத்துக்கு வந்து சேர மேலும் 2 மணித்தியாலம். மொத்தம் 22. இப்போது பத்துக் குழுக்களை இறக்குகிறோம். வயல் வேலை 2 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பாலம் மட்டும் பத்துக் குழுக்களுக்காக அகலமாவதில்லை; அதே 2 மணித்தியாலந்தான். மொத்தம் 4. பத்து மடங்கு ஆட்களைப் போட்டும் வேகம் ஐந்தரை மடங்குதான். நூறு குழுக்களை இறக்கினால் மொத்தம் 2 மணித்தியாலமும் 12 நிமிடமும். அதாவது பத்து மடங்கு. மாவட்டத்திலுள்ள அத்தனை பேரையும் வயலில் இறக்கினாலும் பதினொரு மடங்கைத் தாண்ட வழியில்லை, ஏனென்றால் பாலத்துக்குரிய 2 மணித்தியாலம் எவராலும் பங்கு போட முடியாதது.

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஜீன் அம்டால் 1967இல் ஒரு மாநாட்டில் இந்த வாதத்தை முன்வைத்தார். பல செயலிகளைச் சேர்ப்பதைவிட ஒரே செயலியை வேகமாக்குவதே பயன் தரும் என்று நிறுவுவதற்காகவே அவர் அதைச் சொன்னார் என்பது பலருக்கும் தெரியாது. இன்று அம்டாலின் விதி என்ற பெயரில், சமாந்தரக் கணினிகளைக் கட்டுகிறவர்களே முதலில் படிக்கும் பாடமாக அது ஆகிவிட்டது. தங்கள் கைப்பேசியிலும் ஓர் ‘ஆப்’பைத் திறக்கும்போது நடக்கும் வேலைகளில் கணிசமான பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்க வேண்டியது. அங்கே ஏழு கோர்கள் கரையில் நிற்கும் லொறிகளைப் போல நிற்கின்றன. அத்துடன், எட்டுக் கோர் என்று விற்கப்படும் கைப்பேசிகள் பலவற்றில் எட்டும் ஒரே வலுவுடையவை அல்ல. சில பெரியவை, மற்றவை மின்கலத்தைச் சேமிப்பதற்காக வைக்கப்பட்ட சிறியவை. இதைக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் கம்பனிகள் ஏன் ஒரே செயலியை மேலும் மேலும் வேகமாக்காமல் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டின? இதை முதலில் யோசித்தவர் யார்?
– உயர்தர வகுப்பு மாணவி, ஆரையம்பதி

முதலில் யோசித்தவர் ஒருவர் என்று சொல்வது கடினம். ஆனால் ஒரு சில்லுக்குள் பல செயலிகள் என்ற வடிவத்துக்காக மிக உறுதியாக வாதாடியவர் என்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் குன்லே ஒலுகோட்டனைச் சொல்லலாம். அவருடைய ஆய்வு என்ன சொன்னது என்பதற்கு முன், அது ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்த்துவிடுவோம்.

சில்லிலுள்ள நுண்ணிய மின் ஆளிகளான திரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கும்போது அவற்றுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதே அளவில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீற்றரில் எரியும் மின்வலு அதிகரிக்காது என்பதை ஐபிஎம்மின் றொபேர்ட் டெனார்ட் 1974இல் தம் சகாக்களுடன் எழுதிக் காட்டினார். அந்த வசதியை நம்பியே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடிகார வேகத்தை, அதாவது செயலி செக்கனுக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதை, ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னர் மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க முடியாத நிலை வந்தது. குறைத்தால், மூடியிருக்க வேண்டிய திரான்சிஸ்டர்களின் வழியாகவும் மின்னோட்டம் கசிந்தது. இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி 2004இல் 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை வந்து நின்றது. அறிவித்திருந்த 4 கிகாஹேர்ட்ஸ் செயலியை அந்த ஆண்டே அவர்கள் கைவிட்டார்கள். வேகத்தை ஏற்ற ஏற்றச் சில்லு அடுப்பாகிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பாருங்கள். செயலி எரிக்கும் வலு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கடிகார வேகத்தையும் பெருக்கி வருவதற்கு விகிதமானது. மின்னழுத்தத்தையும் வேகத்தையும் 20 சதவீதம் குறைத்தால், 0.8 மும்முறை பெருக்கப்பட்டு 0.512 ஆகிறது; அதாவது வலு கிட்டத்தட்டப் பாதி. பாதி வலுவில் ஓடுகிற அத்தகைய செயலிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழைய ஒரு செயலியின் அதே மின்செலவில் 1.6 மடங்கு வேலை கிடைக்கிறது. அந்த வேலையை இரண்டாகப் பிரிக்க முடிந்தால் மட்டும் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலுகோட்டனும் அவருடைய குழுவினரும் 1996இல், அதாவது இந்த வெப்பச் சுவரில் எவரும் முட்டிக்கொள்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, வேறொரு திசையிலிருந்து இதே முடிவுக்கு வந்தார்கள். ஒரு செயலி ஒரே துடிப்பில் பல கட்டளைகளை அனுப்ப வேண்டுமானால், எந்தக் கட்டளை எதன் விடைக்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கும் சுற்று தேவை. ஒரு துடிப்பில் அனுப்பும் கட்டளைகளை இரண்டு மடங்காக்கினால் அந்தச் சுற்று இரண்டு மடங்கைவிட மிக அதிகமாகப் பெரிதாகிறது, கம்பிகளும் நீள்கின்றன. ஆகவே அவர்கள் ஒரே பரப்பளவில் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டார்கள்: ஒரு துடிப்பில் ஆறு கட்டளை அனுப்பும் ஒரு பெரிய செயலி, இரண்டிரண்டு கட்டளை அனுப்பும் நான்கு சிறிய செயலிகள். பிரிக்கவே முடியாத நிரல்களில் பெரிய செயலி, சிறியவற்றுள் ஒன்றைவிட 30 சதவீதம் வேகமாக இருந்தது. நன்றாகப் பிரிக்கக்கூடிய நிரல்களிலோ நான்கு சிறியவை 50 முதல் 100 சதவீதம் வரை முந்தின. தோல்வியையும் மறைக்காமல் எண்ணாகச் சொன்னதால்தான் அந்தக் கட்டுரை இன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஹைட்ரா என்ற பெயரில் அவர்களுடைய ஆய்வுத்திட்டம் தொடர்ந்தது.

பிறகு ஒலுகோட்டன் அஃபாரா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். யொரூபா மொழியில் அச்சொல்லுக்குப் பாலம் என்று பொருள். முதற்கேள்வி கேட்ட கல்லடி வாசகர் இதைக் கவனிக்க. 2002இல் சன் என்ற கணினி நிறுவனம் அஃபாராவை வாங்கியது. 2005இல் நயாகரா என்ற பெயரோடு அறியப்பட்ட செயலி வெளிவந்தது. அதில் எட்டுக் கோர்கள், ஒவ்வொரு கோரிலும் நான்கு இழைகள் (தனித்தனியே ஓடும் கட்டளை வரிசைகள்). நான்கு அடுப்பைக் கவனிக்கும் ஒரு சமையற்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பானையில் உலை கொதிக்கும் வரை அவர் கைகட்டி நிற்பதில்லை. அடுத்த அடுப்புக்குப் போகிறார். நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்துசேரச் செயலி நூற்றுக்கணக்கான துடிப்புகள் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்தக் காத்திருப்பை ஒழிக்க முயலாமல், அந்த நேரத்தில் வேறோர் இழையை ஓட்டுவது என்பதே நயாகராவின் தந்திரம். கணினிக் கட்டமைப்புத் துறையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் எக்கேர்ட்–மோக்லி விருது ஒலுகோட்டனுக்கு 2023இல் கிடைத்தது.

‘சமாந்தரக் கணிப்பு’ சரியா, ‘இணைக் கணிப்பு’ சரியா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைதீவு

நம் பாடநூல்களில் சமாந்தரம். தமிழகத்து நூல்களில் இணை. இரண்டும் விளங்கும், சண்டை வேண்டாம். ஆனால் வேறொரு மயக்கத்தைத் தவிர்க்க வேண்டும். முன் பதிலில் வந்த ஒரு சமையற்காரர் நான்கு அடுப்பைப் பார்ப்பது சமாந்தரம் அன்று. அவர் வேலைகளை மாறி மாறிச் செய்கிறார். நான்கு சமையற்காரர் நான்கு அடுப்பில் நின்றால் அதுவே சமாந்தரம். நயாகரா எட்டுச் சமையற்காரர்களையும் முப்பத்திரண்டு அடுப்புகளையும் கொண்ட மடைப்பள்ளி. அதில் இரண்டும் உண்டு.

மகன் கணினி விளையாட்டுக்காக வாங்கிய கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் படிக்கும்போது ‘த்ரெட்’, ‘வார்ப்’ என்று சொல்கிறான். இரண்டும் எங்கள் தொழிற்சொற்கள் ஆயிற்றே! தற்செயலா?
– கைத்தறி நெசவாளர், மருதமுனை

தற்செயல் அன்று. தெரிந்தேதான் தங்கள் தறியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். த்ரெட் என்றால் இழை, வார்ப் என்றால் பாவு. சமாந்தர இழைகளைக் கையாண்ட முதல் தொழில்நுட்பம் நெசவுதான் என்று, கிராபிக்ஸ் சில்லுகளைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தின் கையேடே குறிப்பிடுகிறது.

பெயர் மட்டுமல்ல, வேலை செய்யும் விதமும் தறிதான். தாங்கள் மிதியை ஒரு முறை அழுத்தும்போது, விழுதில் கோத்த நூற்றுக்கணக்கான பாவிழைகள் ஒரே அடியில் மேலெழுகின்றன. ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக யாரும் உத்தரவு கொடுப்பதில்லை. என்விடியாவின் சில்லுகளில் 32 இழைகள் சேர்ந்தது ஒரு பாவு. ஒரு கட்டளை வந்தால் 32 இழைகளும் அதையே செய்யும், ஒவ்வொன்றும் தன்தன் தரவின் மேல். ஒரு படத்தில் உள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் ஒரே கணக்கைச் செய்ய இதைவிட மலிவான வழி இல்லை. கட்டளையைப் படித்துப் புரிந்துகொள்ளும் சுற்று 32 இழைகளுக்கு ஒன்று போதும். கணினிகளை வகைப்படுத்திய மைக்கேல் ஃபிளின் 1966இலேயே, ஒரு கட்டளை பல தரவு என்று இதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிரலில் ‘இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்’ என்ற வரி வரும்போது. 32 இழைகளில் 20 ஒரு பக்கமும் 12 மறுபக்கமும் போக வேண்டியிருந்தால், முதலில் 20 ஓடும், 12 சும்மா நிற்கும்; பிறகு 12 ஓடும், 20 சும்மா நிற்கும். செலவாகும் நேரம் இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகை. ஒரே ஒரு பாவிழை அறுந்தாலும் முடிச்சிட்டு முடியும்வரை முழுத்தறியும் நிற்பதைத் தாங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள்.

இந்த முறையில் கட்டப்பட்ட பழைய பெரும் இயந்திரம் இல்லியாக் 4. இலினோய் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்லொட்னிக் தலைமையில் 256 கணிப்பு அலகுகளுக்குத் திட்டமிட்டு, 64 அலகுகளோடு 1972இல் கலிபோர்னியாவிலுள்ள நாசா ஏம்ஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பின்னும் ஒழுங்காக வேலை வாங்க ஆண்டுகள் பிடித்தன. அங்கே மண்டபம் நிறைய நின்றதைவிட அதிகமான கணிப்பு அலகுகள் இன்று தங்கள் மகனின் மேசைக்கு அடியில் இருக்கின்றன, அதுவும் விளையாட்டுக்காக.

மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு சிறு நிரல் எழுதினேன். இரண்டு இழைகள், ஒவ்வொன்றும் ஒரே மாறியுடன் ஒன்றைக் கூட்டுவதை 100,000 முறை செய்ய வேண்டும். விடை 200,000 வர வேண்டும். ஓட்டும் ஒவ்வொரு முறையும் குறைவான வேறொரு விடை வருகிறது. இயந்திரமே பிழையா?
– தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், அக்கரைப்பற்று

இயந்திரம் சரியாகவே இருக்கிறது. களத்தில் மூடை எண்ணுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் 40 என்று எழுதியிருக்கிறது. களத்தின் இரண்டு வாசலிலும் ஒவ்வொரு கணக்குப்பிள்ளை நிற்கிறார். தத்தம் வாசலால் ஒரு மூடை போனதும் இருவரும் பலகையைப் பார்க்கிறார்கள். இருவருடைய கண்ணிலும் 40. இருவரும் மனத்துக்குள் ஒன்றைக் கூட்டுகிறார்கள். ஒருவர் வந்து 41 என்று எழுதுகிறார். மற்றவரும் வந்து அழித்துவிட்டு 41 என்றே எழுதுகிறார். இரண்டு மூடை போயிருக்கிறது, பலகையில் ஒன்றுதான் ஏறியிருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை, எவரும் தவறாகக் கூட்டவுமில்லை.

‘ஒன்றைக் கூட்டு’ என்று நாம் ஒரு வரியில் எழுதுவது இயந்திரத்துக்குப் படி, கூட்டு, எழுது என்ற மூன்று படிகள். அவற்றின் இடையே மற்ற இழை நுழைந்துவிடுகிறது. பார்ப்பதிலிருந்து எழுதுவது வரை ஒருவரே பலகையின் முன் நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதுதான் பூட்டு. பல இழைகளில் ஒன்று மட்டும் ஒரு நேரத்தில் உள்ளே நுழைவதை உறுதிசெய்யும் வழியை எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1965இல் எழுதிக் காட்டினார். இன்றைய செயலிகளில் படித்துக் கூட்டி எழுதுவதைப் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்துதரும் கட்டளைகளும் உண்டு. தங்கள் நிரலில் அந்த மாறியை அணுச்செயல் மாறியாக அறிவித்தாலே 200,000 வந்துவிடும். ஆனால் நிரல் முன்னைவிட மெதுவாக ஓடும். மாணவர்களுக்கு அதையும் அளந்து காட்டுங்கள், ஏனென்றால் பாடத்தின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.

ஏன் மெதுவாகிறது? ஒவ்வொரு கோரும் பிரதான நினைவகம் என்ற பொதுப்பலகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடுவதில்லை. பதுக்கு நினைவகம் என்ற தன் சொந்தக் கொப்பியில் ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது. ஒருவர் தம் கொப்பியில் ஓர் எண்ணை மாற்றினால், மற்றவர்களுடைய கொப்பியில் உள்ள அந்தப் பக்கம் செல்லாது என்று அறிவித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கணக்காகிவிடும். இந்த அறிவிப்பு முறைகளில் மிகவும் புகழ்பெற்றது 1984இல் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பக்கம் என்னிடம் மட்டும் இருக்கிறதா, பலரிடம் இருக்கிறதா, நான் மாற்றிவிட்டேனா, செல்லாததாகிவிட்டதா என்ற நான்கு நிலைகளை வைத்து அது வேலை செய்கிறது. தங்கள் நிரலில் அந்த ஒரே பக்கம் இரண்டு கோர்களுக்கும் இடையே 200,000 கூட்டல்களுக்காக ஓயாமல் அலைகிறது.

இதில் ஒரு குறும்பும் உண்டு. பக்கம் என்பது பெரும்பாலான செயலிகளில் 64 பைற்று. இரண்டு இழைகளுக்கும் தனித்தனி மாறி கொடுத்தாலும், அவை அந்த 64 பைற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்துவிட்டால் பக்கம் அப்போதும் அலையும். நிரலில் பகிர்வு எதுவும் தெரியாது, நேரம் மட்டும் கரையும். நானே ஒரு முறை இரண்டு நாட்களை இதில் தொலைத்திருக்கிறேன். இரண்டு மாறிகளுக்கும் நடுவே வெற்றிடம் விட்டு எழுதியதும் தீர்ந்தது.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினிகள் நான்கை வீட்டிலிருந்த பழைய 100 மெகாபிற்று வலையமைப்புச் சுவிட்சில் இணைத்து, 500க்கு 500 அளவுள்ள இரண்டு தாயங்களைப் பெருக்கினேன். ஒன்று தனியாகச் செய்ததைவிட நான்கும் சேர்ந்து செய்தபோது அதிக நேரம் எடுத்தது. மேற்பார்வையாளரிடம் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.
– பல்கலைக்கழக மாணவர், களுவாஞ்சிகுடி

தம்பி, கவலைப்படாமல் அப்படியே காட்டுங்கள், ஆனால் இந்தக் கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள்.

தாயம் என்பது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய சதுரம்; 500 வரிசைத் தாயங்களைப் பெருக்க ஏறத்தாழ 25 கோடிப் பெருக்கல்களும் கூட்டல்களும் தேவை. ஒரு பை செக்கனுக்கு 100 கோடிச் செயல்களைச் செய்கிறது என்று கொள்வோம்; தனியாக அதற்குக் கால் செக்கன் போதும். இப்போது நான்காகப் பிரியுங்கள். ஒரு தாயம் 8 பைற்று எண்களால் ஆனது, ஆக 2 மெகாபைற்று. இரண்டாவது தாயத்தை முழுமையாக மற்ற மூன்று பைகளுக்கும் அனுப்ப வேண்டும், 6 மெகாபைற்று. முதல் தாயத்தின் முக்கால் பங்கு போக 1.5, விடை திரும்பி வர 1.5. மொத்தம் 9 மெகாபைற்று. 8 பிற்று சேர்ந்தது ஒரு பைற்று என்பதால், தங்கள் சுவிட்ச் செக்கனுக்கு 12.5 மெகாபைற்றுக்கு மேல் தராது. ஆகவே பயணத்துக்கு மட்டும் 0.72 செக்கன். கணக்கு 0.06 செக்கனில் முடிந்தும், லொறிகள் வீதியில் நிற்கின்றன. மொத்தம் 0.78, அதாவது தனியாகச் செய்ததைவிட மூன்று மடங்கு அதிகம்.

இனி 4000 வரிசைத் தாயங்களை எடுங்கள். தனியாக 128 செக்கன். நான்கு சேர்ந்தால் கணக்குக்கு 32, பயணத்துக்குச் சுமார் 46, மொத்தம் 78. இப்போது தாங்கள் முந்திவிட்டீர்கள். காரணம் எளிது: வரிசையை இரட்டிப்பாக்கினால் அனுப்ப வேண்டிய தரவு நான்கு மடங்காகிறது, செய்ய வேண்டிய கணக்கோ எட்டு மடங்காகிறது. அம்டாலுக்கு 1988இல் ஜோன் குஸ்டாஃப்சன் கொடுத்த பதிலின் சாரமும் இதுதான். பெரிய இயந்திரம் கிடைத்தால் எவரும் பழைய சிறு கணக்கை விரைவாகச் செய்துவிட்டுத் தூங்கப் போவதில்லை, பெரிய கணக்கை எடுக்கிறார்கள். கணக்கு பெரிதாகும்போது பிரிக்க முடியாத பகுதியின் பங்கு சிறுக்கிறது. சண்டியா ஆய்வுகூடத்தில் 1,024 செயலிகள் கொண்ட இயந்திரத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தை அவருடைய குழு பெற்றது. மலிவான கணினிகளைச் சாதாரண வலையமைப்பில் கோக்கும் தங்கள் முயற்சிக்கும் மூதாதை உண்டு. 1994இல் நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 செயலிகளை இப்படித்தான் கோத்தார்கள். அவர்களுடைய வலையமைப்பு தங்களுடையதைவிடவும் மெதுவானது. ஆய்வறிக்கையில் 500 முதல் 4000 வரை வரைபடம் போட்டு, கோடு எங்கே வெட்டுகிறது என்று குறியுங்கள்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு புயல் அடித்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. விடிந்தபோது தென்னந்தோட்டம் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. இன்று புயல் வரும் பாதையைச் சில நாட்களுக்கு முன்னரே வரைந்து காட்டுகிறார்கள். அதற்கும் நீங்கள் எழுதும் இந்தச் சமாந்தரக் கணினிகளுக்கும் தொடர்பு உண்டா?
– ஓய்வுபெற்ற தபால் அதிபர், பெரியகல்லாறு

நெருங்கிய தொடர்பு உண்டு, ஐயா. சமாந்தரக் கணினியின் முதற்கனவே வானிலைக்காகத்தான் காணப்பட்டது. லூயிஸ் ஃபிரை றிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், ஆறு மணித்தியாலத்துக்கு வளியமுக்கம் எப்படி மாறும் என்பதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். அதற்குக் கிட்டத்தட்ட ஆறு வாரங்கள் பிடித்தன, விடையும் படுபிழையாக வந்தது. அதோடு விட்டுவிடாமல், 1922இல் அவர் ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்தார். உலக வரைபடம் தீட்டிய சுவர்களை ஒட்டி மாடம் மாடமாக 64,000 பேர் அமர்ந்து, அவரவர் பங்குக்கு வந்த நிலப்பகுதியின் கணக்கை மட்டும் செய்து, விடையை அயலவருக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்றைய கணினிகளும் அதையே செய்கின்றன. வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, செயலிகளுக்கு ஆளுக்கொரு வட்டையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு வட்டையின் நடுவே உள்ள கட்டங்களுக்கு அயலாரின் உதவி வேண்டாம். வரம்போரக் கட்டங்களுக்கு மட்டும் அடுத்த வட்டையின் காற்றும் ஈரமும் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும், ஆகவே ஒவ்வொரு படிக்கும் பிறகு வரம்பு எண்களைக் கைமாற்றுகிறார்கள். நூற்றுக்கு நூறு கட்டம் உள்ள வட்டையில் 10,000 கட்டத்துக்கு வரம்பு 400. அதை நான்காக்கினால் ஒவ்வொன்றிலும் 2,500 கட்டத்துக்கு வரம்பு 200. துண்டுகள் சிறுக்கச் சிறுக்க, உழுவதைவிட வரம்பில் நின்று பேசும் நேரம் கூடிக்கொண்டு போகும்.

அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு செயலிகள் வேண்டும் என்றால், கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகின்றன. நேரத்தையும் பாதிப் பாதியாக நகர்த்த வேண்டியிருப்பதால் வேலை எட்டு மடங்காகிறது. புயலின் கண்ணைப் பிரித்துக் காட்டும் அளவுக்குக் கட்டத்தைச் சிறிதாக்குவது ஒரு செயலியால் ஆகிற காரியம் அன்று.

றிச்சர்ட்சனுடைய மண்டபத்தின் நடுவே ஒரு தூண் உண்டு. அதன் உச்சியில் ஒருவர் நின்று, முந்தி ஓடும் பகுதியின் மீது இளஞ்சிவப்பு ஒளியையும் பின்தங்கிய பகுதியின் மீது நீல ஒளியையும் பாய்ச்சுவார். அந்த வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. கனமழையும் மேகத் திரளும் உள்ள இடத்தில் கணக்கு அதிகம். தெளிந்த வானத்துக்குக் குறைவு. ஆகவே புயல் எந்த வட்டைக்குள் நுழைகிறதோ, அந்த வட்டைக்குரிய செயலிதான் கடைசியாக முடிக்கும், மற்ற ஆயிரக்கணக்கானவை அதன் வரம்பு எண்களுக்காகக் காத்து நிற்கும். இந்தக் காத்திருப்பு கூடும்போது, அந்த வட்டையை மேலும் சிறு துண்டுகளாக வெட்டி, சும்மா இருக்கும் அயலாருக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. புயல் கரையை நோக்கி நகர, வரம்புகளும் அதன் பின்னால் நகர்ந்துகொண்டே வரும்.